வால்புர்கா வீட்டு மின்னல்

கோயில் மணிகளுக்குப் பெயர் வைத்து, ஞானத்தாய் ஞானத்தகப்பன் நிறுத்தி, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலவே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆல்ப்ஸ் மலையின் வடக்குச் சரிவில், ஜெர்மன் பேசுகிற ஜனங்கள் குடியிருந்த மோர்லிங் என்ற சின்ன ஊரில், ஒசன்னா என்று ஒரு மணி இருந்தது. எட்டு மாடு கனம். அதை வார்த்தவர்கள் விளிம்பைச் சுற்றி லத்தீனில் மூன்று வாக்குறுதிகள் எழுதியிருந்தார்கள். ஜெபத்துக்கு அழைப்பேன், தீப்பிடித்தால் எழுப்புவேன், மின்னலை விரட்டுவேன். முதல் இரண்டையும் ஒசன்னா ஒருநாளும் தவறவிட்டதில்லை. மூன்றாவதால்தான் இந்தக் கதை வந்தது.

மேகம் கறுத்ததும் மணிக்காரன் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கோபுரத்தில் ஏறி, மேகம் கலைகிறவரை கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிச்சத்தம் மேகத்தைக் கிழித்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிரிக்காதீர்கள். இடி இடித்தால் நாமும்தான் அர்ச்சுனா அர்ச்சுனா என்று சொல்லிப் பார்க்கிறோம். ஆனால் அர்ச்சுனனைக் கூப்பிட ஊரிலேயே உயரமான இடத்தில் ஏறி ஈரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, வீட்டுக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டே கூப்பிடலாம். மோர்லிங்கில் அப்படி இல்லை. கோயில் ஏட்டில் பத்து மணிக்காரர்களின் பெயருக்கு நேரே "கயிற்றோடு மரித்தான்" என்று எழுதியிருந்தது. ஆனாலும் ஒசன்னாவின் பேர் கெடவில்லை. எந்த மேகமும் ஒரு நேரம் கலைந்துதானே தீரும், கலைந்தபோதெல்லாம் ஒசன்னா கலைத்தாள் என்றார்கள், கோபுரத்தில் இடி விழுந்தால் மணிக்காரன் தாமதமாக இழுத்தான் என்றார்கள். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போகிறானா என்ன.

பதினோராவது ஆள் கில்யான். ஜூலை மாதம், புல் அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தவன், முப்பது இழுப்புகூட இழுத்திருக்கமாட்டான், மின்னல் சிலுவையில் இறங்கி, கயிற்றில் இறங்கி, அவனிலும் இறங்கியது. எல்லா மின்னலும் அந்த இடத்தில் முடிந்துபோகும். இது முடியவில்லை, அங்கேயே இருந்தது.

நாலு பேர் கில்யானைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அது பின்னாலேயே வந்தது. பூனை அளவு இருந்தது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் நீலம், கொல்லன் பட்டறை வாசம். வாசலில் தயங்கி நின்றது. கில்யானை மேசைமேல் கிடத்தி, அவன் மனைவி வால்புர்கா தலையில் அடித்துக்கொண்டு அழுது ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு, யாரையும் தொடாமல் சுவரோரமாகப் போய் அடுப்புக்கு அடியில் படுத்துக்கொண்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, இது சாப்பாட்டு நேரத்தில் இங்கேதான் இருக்குமா என்பது. ஆம்ப்ரோஸ் சாமியார், பருத்த மனிதர், மூச்சு வாங்க வந்து தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். அது சீறிவிட்டு நாலு விரற்கடை தள்ளிப் படுத்தது. ஊர்ச்சபை மூன்று நாள் கூடிப் பேசி, மின்னல் எந்த வீட்டில் படுத்திருக்கிறதோ அந்த வீட்டைச் சேர்ந்தது என்றும், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மரியாதைக்காக அதைக் கூடை போட்டு மூடிவைக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. பிறகு பயம் தெளிந்து காரியத்தில் இறங்கினார்கள். மழை நாளில் துணி உலர்த்தப் பெண்கள் வந்தார்கள், மூட்டுவலிக்காரர்கள் அந்த அடுப்படிச் சுவரின் வெளிப்பக்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அதன் பக்கத்தில் போனால் பிள்ளைகளின் தலைமயிர் குத்திட்டு நிற்பது பேன் பார்க்க வசதியாக இருக்கிறதென்று தாய்மார்கள் வரிசையில் வந்தார்கள். இலையுதிர்காலம் வருவதற்குள், மின்னல் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தணல் வாங்கி வா என்று சொல்கிற அளவுக்கு அது ஊரில் ஒரு சாமானாகிவிட்டது.

வால்புர்கா மட்டும் அதோடு ஒட்டவில்லை. கூட்டும்போது விளக்குமாற்றால் அதன்மேல் இடித்துவிட்டுப் போவாள். கொலைகாரன் என்பதைத் தவிர அதற்கு அவள் வேறு பெயர் வைக்கவில்லை.

அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே தம்பி, யோஸ்ட். தாய் செத்தபோது நாலு வயது. இவள் இடுப்பில் வளர்ந்து, இப்போது இருபத்து நாலு வயதில் வண்டிச்சக்கரம் செய்கிற தச்சன். மணிக்காரன் செத்தால் அந்த வீட்டு ஆண்பிள்ளைக்குத்தான் கயிறு என்பது மோர்லிங்கின் வழக்கம். கில்யான் அடக்கம் முடிந்த எட்டாம் நாள் ஊரார் வந்து யோஸ்டிடம் கோபுரச் சாவியைக் கொடுத்தார்கள். அவன் பெருமையோடு வாங்கிக்கொண்டான், வாங்கியதும் கோபுர உச்சியை ஒருதரம் அண்ணாந்து பார்த்ததை அக்காள் கவனித்தாள். அந்த வருஷக் கோடை அதோடு பெரிய மழையில்லாமல் முடிந்தது. பனி விழத் தொடங்கிவிட்டால் இடி கிடையாது, அடுத்த இடி மே மாதம். அதற்குள் எதையாவது செய்யாவிட்டால் ஏட்டில் பன்னிரண்டாவது பெயர் தன் தம்பியுடையது என்பது வால்புர்காவுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் பனி விழுந்த அன்று அவள் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஏன்டா கொன்னே?" என்று கேட்டாள். மின்னல் பேசவில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். பேசத் தெரியாததிடம் வாயால் கேட்டு என்ன பயன், கையால்தான் கேட்க வேண்டும் என்று நாலாம் நாள் அவளுக்குப் பட்டது. மாட்டு மணியைக் கொண்டுவந்து அதன் காதோரம் என்று நினைத்த இடத்தில் பலமாக அடித்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாணலியைத் தட்டினாள், அது சுகமாகப் படுத்திருந்தது. அலுத்துப்போய் இரும்புக் கரண்டியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி வைத்தபோது, படுத்திருந்த மின்னல் ஒரே தாவாகத் தாவிக் கரண்டியின் உச்சியில் ஏறிக்கொண்டது. அவள் பயத்தில் பின்னால் விழுந்தாள். விழுந்தவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, கரண்டியைப் படுக்கவைத்துவிட்டு, அதைவிட உயரமான அடுப்புக் கம்பியை நிறுத்தி வைத்தாள்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் அடுப்படிச் சுவர் முழுக்கக் கரிக்கோடாகிவிட்டது. யோஸ்ட் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"என்னக்கா இது, செவுரெல்லாம் கோடு?"

"இந்தப் பக்கம் இருக்கறது மணி அடிச்சப்போ. அந்தப் பக்கம் அடிக்காதப்போ. பக்கத்துக்கு எழுபது. ரெண்டும் இதுக்கு ஒண்ணுதான் தம்பி. மணிய அது கேக்கவே இல்ல. உசரமா இரும்பு நின்னா ஏறுது, அவ்வளவுதான்."

"அப்போ ஒசன்னா?"

"ஒசன்னா நல்லா சத்தம் போடுவா. மேகத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. கில்யான் உசரத்துல நின்னாரு, ஈரக்கயித்தப் புடிச்சிருந்தாரு, செத்துட்டாரு."

யோஸ்ட் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "வெளிய சொல்லிடாதக்கா. செத்த பத்து பேரு வீட்டுலயும் ஆளு இருக்காங்க. அவங்க அப்பன் தாத்தன் சும்மா செத்தான்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அவள் பயம் வேறு. அவள் மறுநாளே ஆம்ப்ரோஸ் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் கெட்டவர் அல்ல. அவர் புத்தகத்தை எடுத்து, மணியோசை காற்றைக் குலுக்கி மேகத்தை உடைக்கும் என்று பெரியவர்கள் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினார்.

"பொஸ்தகம் தப்புங்கறியா?"

"எழுதினவரு கோபுரத்துல ஏறிப் பாத்தாரா சாமி?"

சாமியார் புத்தகத்தை மூடினார். ஏட்டைத் திறந்தார். பதினோரு பெயர்களில் கடைசி மூன்றும் அவர் கையெழுத்து. "இந்த மூணு பேரையும் பாவசங்கீர்த்தனம் கேட்டு, மன்னிப்புக் கொடுத்து மேல அனுப்பினதே நாந்தான்" என்றார். ஏட்டையும் மூடிவிட்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார். அப்படி ஒரு சாமியார் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "எனக்கும் தெரியல, பொஸ்தகத்துக்கும் தெரியலேன்னா, தெரிஞ்சுக்க நம்ம ஊர்ல ஒரே ஒரு எடந்தான் இருக்கு. சந்தைக்குப் போ."

சந்தை என்று அவர் சொன்னதன் பொருளை இங்கே சொல்லியாக வேண்டும். மோர்லிங் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பெரிய தராசு உண்டு. ரொட்டி வாங்குகிற யாரும், பிச்சைக்காரன், விதவை, வழிப்போக்கன் யாராக இருந்தாலும், "மறுநிறுவை!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஊர்த்தலைவர் வீட்டு ரொட்டியாக இருந்தாலும் எல்லோர் கண்ணெதிரிலும் திரும்ப நிறுத்தாக வேண்டும். மூன்று தடவை கேட்கலாம். ரொட்டி எடை குறைந்தால் விற்றவன் எடைக்கல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சந்தையைச் சுற்றிவர வேண்டும், சரியாக இருந்தால் கேட்டவன் சுற்றிவர வேண்டும். முந்நூறு வருஷமாக ரொட்டியையும் உப்பையும் கம்பளியையும் அப்படி நிறுத்து நிறுத்து, ஆளைப் பார்க்காமல் முள்ளைப் பார்க்கிற பழக்கம் அந்த ஊருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆனால் ஒரு சொல்லை அந்தத் தராசில் ஏற்றலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை வால்புர்கா சந்தை நடுவில் நின்று, "மறுநிறுவை!" என்று கத்தினாள்.

தராசுக்காரன் பெர்ட்டோல்ட் நிமிர்ந்து பார்த்தான். மயிரிழை பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத வறட்டு மனுஷன், அவன் சிரித்ததை அவன் மனைவியே பார்த்ததில்லை. "எந்த ரொட்டி?"

"ரொட்டி இல்ல. ஒசன்னா. மின்னல வெரட்டுவேன்னு எழுதி வச்சிருக்கால்ல, அத நிறுத்துக் காட்டுங்க."

சந்தையே சிரித்தது. பெர்ட்டோல்ட் சிரிக்காமல் சட்டப் பலகையைப் போய்ப் படித்துவிட்டு வந்தான். "ஊரார் நம்பி வாங்கும் எதுவும்னுதான் போட்டிருக்கு. ரொட்டின்னு போடல" என்றான். "நம்பித்தான் வாங்கியிருக்கோம். நிறுத்துத்தான் ஆகணும்."

அடுத்த சனிக்கிழமை யோஸ்ட் இரண்டு மரக்கோயில்கள் செய்து கொண்டுவந்தான், முழங்கை உயரம், உச்சியில் ஆணியளவு இரும்புச் சிலுவை. ஒன்றில் சின்ன மணி, இன்னொன்றில் ஒன்றுமில்லை. வால்புர்கா மின்னலைக் கூடையில் கொண்டுவந்து நடுவில் இறக்கினாள். மணியை நானே அடித்தால் வஞ்சகம் என்பீர்கள், நீங்களே வந்து அடியுங்கள் என்றாள். கில்யானுக்கு முன்னால் செத்த மணிக்காரனின் மகள் முதலில் வந்து, அப்பனையே எழுப்பப் போகிறவள்போல அடித்தாள். மின்னல் மணியுள்ள கோயிலில் ஏறியது. அடுத்த தடவை மணியில்லாததில் ஏறியது. பிறகு மணியுள்ளதில் இரண்டு தடவை, இல்லாததில் இரண்டு தடவை. வரிசையில் வந்து வந்து ஊரே அடித்துப் பார்த்தது. சிரிப்பு முதலில் அடங்கியது ரொட்டிக்காரர்கள் பக்கம்தான், நிறுவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுகிற ஜாதி அது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் முதல் நிறுவையிலேயே ஜெயித்திருப்பாள். ஆனால் மணியடிக்காவிட்டால் வேறென்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறதே. மின்னலைக் கம்பி வழியாக இறக்கிவிடலாம் என்று அவள் அடுப்படியில் நினைத்து வைத்திருந்தாள். சிலுவையிலிருந்து ஒரு கம்பியைக் கட்டிக் கீழே விட்டாள். மின்னல் ஏறியது, கம்பியில் சரசரவென்று இறங்கியது, மேசைவரை வந்து, போக இடமில்லாமல் திரும்பித் தாவி மரக்கோயிலைச் சாம்பலாக்கியது.

"கல்லு! கல்லக் கட்டு!" என்று கூட்டம் குதித்தது. பெர்ட்டோல்ட் மட்டும் குனிந்து சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கம்பி எங்க முடியுது?"

"மேசமேல."

"அதுக்குப் போக்கிடம் வேண்டாமா? வாய்க்கால் வெட்டினா கொளத்துல கொண்டு விடணும். பாதியில நிறுத்தினா வீட்டுக்குள்ளதான் வரும்." நடுவனாக நிற்க வேண்டியவன் அவளுக்கே வழி சொல்லிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை, கோணலாக நின்ற காரியத்தை நேராக்கிவிட வேண்டும் என்ற அரிப்பு மட்டும்தான். "இன்னும் ரெண்டு நிறுவை இருக்கு. அடுத்த சனிக்கெழம வா."

இரண்டாம் நிறுவையில் கம்பியின் நுனி ஈரமண்ணுக்குள் ஒரு முழம் போயிருந்தது. மின்னல் ஏறியது, இறங்கியது, மண்ணுக்குள் புகுந்து, கொஞ்சம் தள்ளி வெளியே வந்து உடம்பை உதறிக்கொண்டது. மரக்கோயிலில் ஒரு பிசிறுகூடக் கருகவில்லை. நாற்பது தடவை பார்த்தார்கள்.

ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது பெர்ட்டோல்ட் கையைக் காட்டி நிறுத்தினான். "இது வீட்டுல வளந்த மின்னல். பூனைய நிறுத்துட்டு இதுதான் புலியோட எடைன்னு என்னால எழுத முடியாது. வானத்து மின்னல் எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

வால்புர்கா யோசித்தாள். தம்பியின் உயிரை நினைத்தால் தெரியும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம், பாதி ஊர் நம்பியும் இருக்கும். "தெரியாது" என்றாள்.

அதனால் மூன்றாம் நிறுவை கோபுரத்தில் என்று முடிவாயிற்று. கோபுரச் சிலுவையிலிருந்து ஊர்க் கிணற்றுவரை கம்பி இறக்குவது, முதல் புயலில் மணியை அடிக்காமல் விடுவது. பெர்ட்டோல்ட் ஒன்று சேர்த்தான். கம்பி ஏமாற்றினால் அந்த நொடியே ஒசன்னாவை அடிக்க மணிக்காரன் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நிறுக்கிற பொருள் தட்டில் இல்லாமல் நிறுவை ஏது. அதாவது, அவள் சொன்னது பொய்யானால் யாரைக் காப்பாற்ற இத்தனையும் செய்தாளோ அவனே முதலில் சாவான். வால்புர்கா யோஸ்டைப் பார்த்தாள். "நானும் அவனோட நிப்பேன்" என்றாள்.

அவ்வளவு நீளக் கம்பி எந்தக் கொல்லனிடமும் இல்லை. பீப்பாய்ப் பட்டைகள், உடைந்த அரிவாள்கள், லாடங்கள், செத்துப்போன ஒரு கிழவரின் வாள், கதவுக் கீல்கள் என்று வீட்டுக்கு வீடு வந்து குவிந்தன. நம்பிக்கொடுத்தவர்கள் கொஞ்சம், தோற்றுப்போய் அவள் கல் சுமப்பதைப் பார்க்கும் ஆசையில் கொடுத்தவர்கள் நிறைய. கொல்லன் எல்லாவற்றையும் உருக்கி, அடித்து, ஒன்றோடொன்று கோத்தான். எந்தத் துண்டு எந்த மனசோடு வந்தது என்று இரும்பு பிரித்துப் பார்க்கவில்லை.

மே மாதம் இரண்டாம் வாரம், மத்தியானம் மூன்று மணி இருக்கும், மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எழுந்து வந்தது. வால்புர்காவும் யோஸ்டும் கோபுரத்தில் ஏறி நின்றார்கள். படிக்கட்டில் புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் சாமியார் வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தார்.

"நீங்க ஏன் சாமி?"

"மூணு பேரக் கீழ நின்னே அனுப்பிட்டேன். இந்தத் தடவ கூட நிக்கறேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பயத்த மூணு பங்கு வச்சுக்கலாம்னு நெனச்சு வந்தேன். ஆளுக்கு முழுசாத்தான் இருக்குது."

காற்று வந்தது, ஆலங்கட்டி வந்தது. கீழே ஜனங்கள் கூடிவிட்டார்கள். வெளியே வயலில் முளைத்து நின்ற வாற்கோதுமை அவர்களுடைய வருஷச் சாப்பாடு. முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு ஊர் முழுக்கவும், "அடிடா மணிய! யோஸ்ட், அடிடா!" என்று கத்தத் தொடங்கியது. யோஸ்டின் கை தானாகவே கயிற்றுக்குப் போயிற்று.

"அக்கா, ஊரு கத்துது."

"கத்தட்டும்."

"நீ நெனச்சது தப்பா இருந்தா?"

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பொய் சொல்ல ஆசைப்பட்டாள், சொல்லவில்லை. "தப்பா இருந்தா நாம மூணு பேரும் போயிருவோம்டா. நாளைக்கு எவனாவது வந்து கம்பிய எந்த எடத்துல தப்பாக் கட்டினோம்னு பாப்பான். அவன் பொழச்சுக்குவான். இப்ப நீ கயித்தத் தொட்டா எது காப்பாத்திச்சுன்னு யாருக்கும் தெரியாமலே போயிரும்."

யோஸ்ட் கயிற்றிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

அப்போது விழுந்தது. மூவர் கண்ணும் வெள்ளையாகிப்போயிற்று. கம்பி தறியில் இழுத்துக் கட்டிய நூல்போல விம்மியது, கிணறு புகைந்து பொங்கியது, யாரும் தொடாமலே ஒசன்னா ஒரே ஒரு தடவை, தூக்கத்தில் முனகுவதுபோல முனகினாள். பிறகு சத்தமில்லை. யோஸ்ட் தன் கைகளை வெளியே எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். சாமியார் அழுதுகொண்டே சிரித்தார். வால்புர்கா தம்பியின் கைகளைப் பிடித்து, தானும் ஒருதரம் திருப்பிப் பார்த்தாள்.

அவர்கள் இறங்கி வந்தபோது கிணற்றடியில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். வீட்டு மின்னல் மழையோடு மழையாகத் தெருவில் ஓடிவந்து, கம்பியின் அடியில் நின்றுகொண்டிருந்தது. மேலே மேகம் உறுமியது, அது நிமிர்ந்து பார்த்தது, ஆனாலும் ஏறவில்லை. சாவு வீட்டு வாசலில் காத்திருந்ததுபோலக் காத்திருந்தது.

பத்து மாசமாகக் கொலைகாரன் என்றே கூப்பிட்டவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். "ஒனக்குத் தெரியாது" என்றாள். "எங்களுக்கும் தெரியல. ரெண்டு தெரியாததுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு எம் புருஷன் செத்தாரு. ஆனா நீ மட்டும் எங்கூட அடுப்படியில இருக்கலேன்னா எந் தம்பியும் போயிருப்பான்." முந்தானை போன்ற தன் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இரு. போயிட்டு வா."

அது கம்பியில் ஏறிப்போயிற்று. கோபுரத்துக்கு மேலே ஒரு கணம் பளிச்சென்றது, அவ்வளவுதான்.

பெர்ட்டோல்ட் மழையில் நனைந்துகொண்டே தராசைத் தூக்கிக் கட்டினான். வழக்கம் வழக்கம்தானே. "மூணாம் நிறுவ. மின்னல் விஷயத்துல ஒசன்னா எட கொறவு. வித்தவங்க கல்லச் சுமக்கணும்." சொல்லிவிட்டுச் சுற்றும் பார்த்தான். விற்றவர் யார்? மணியை வார்த்தவர்கள் செத்து இருநூறு வருஷம். ஆம்ப்ரோஸ் சாமியார் முன்னால் வந்து கழுத்தை நீட்டினார். "நாந்தான் வித்தேன். எங்கிட்டேருந்து ஆரம்பி." அவர் இருபது அடி நடந்தார். ஊர்த்தலைவர் வாங்கிக்கொண்டார். பிறகு செத்த மணிக்காரனின் மகள், பிறகு கல்லக் கட்டு என்று கத்தியவர்கள், பிறகு கொல்லன், பிறகு பெர்ட்டோல்ட், கடைசியில் வால்புர்காவும்தான், ஏனென்றால் கில்யான் மேகத்தைக் கண்டு ஓடிய ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் போய் அடி என்று அனுப்பியவள் அவள். சாயங்காலத்துக்குள் கல் ஊரில் ஒரு கழுத்து விடாமல் சுற்றிவந்துவிட்டது. யாருக்கும் கழுத்து முறியவில்லை. நாம் சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டால் மனுஷன் செத்துப்போய்விடமாட்டான் என்பதை மோர்லிங் அன்றுதான் கண்டுபிடித்தது. மின்னலைப் பற்றிக் கண்டுபிடித்ததைவிட இது பெரிசு என்பது என் கட்சி.

ஐரோப்பாக்காரன் மூளை தனி மூளை, அதனால்தான் விஞ்ஞானம் அங்கே வந்தது என்று யாராவது சொன்னால் அவனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எண்கள் நம் பக்கத்திலிருந்து போனவை, காகிதம் சீனத்திலிருந்து போனது, கண்ணாடியில் ஒளி வளைகிற கணக்கை அரபிகள் எழுதி வைத்திருந்தார்கள், பல வீட்டு அரிசி சேர்ந்துதான் அந்தப் பானை பொங்கியது. அவர்கள் செய்தது ஒன்று. ரொட்டிக்குக் கேட்ட மறுநிறுவையை ஒருநாள் பெரியவர்கள் சொல்லுக்கும் கேட்டார்கள், கேட்டவளை அடித்துத் துரத்தாமல் தராசைக் கட்டினார்கள். அதற்கும் எத்தனையோ கழுத்து கனத்திருக்கிறது, எத்தனையோ பேரை அடித்தே துரத்தியும் இருக்கிறார்கள்.

சேதி அச்சடித்த தாளில் ஊர் ஊராகப் போயிற்று. படித்த எந்த ஊரும் நம்பவில்லை. ஒரு அடுப்படிப் பொம்பிளை சொன்னதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்று அவர்களே கம்பி கட்டிப் பார்த்தார்கள், நம்பாததால்தான் அது பரவியது. பழைய புத்தகத்தையே நம்பிய சில ஊர்கள் இன்னும் நூறு வருஷம் மணியடித்துக்கொண்டும் மணிக்காரர்களைப் புதைத்துக்கொண்டும் இருந்தன. ஐப்பசி மழையில் வானம் கிழிகிறபோது, என் வீட்டு மொட்டைமாடியில் நனைந்துகொண்டு நிற்கிற இடிதாங்கியைப் பார்த்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒசன்னாவை அவர்கள் இறக்கிவிடவில்லை. அவள் சொன்ன மற்ற இரண்டும் நிறையில் சரிதானே. புயல் வந்து, கம்பியில் இறங்கி, போனபிறகு, கோபுரத்தில் ஏறிப் பதினோரு அடி அடிக்க வேண்டும், செத்த ஆளுக்கு ஒன்று என்று புது வழக்கம் போட்டார்கள். எழுபது வயது தாண்டியும் யோஸ்ட்தான் அடித்தான். பதினோராவது அடி கில்யானுக்கு. அது காற்றில் அடங்குகிறவரை வால்புர்கா அடுப்படியில் கரண்டியை அசைக்காமல் நிற்பாள். பிறகு பன்னிரண்டாவது அடி விழவேண்டிய நேரத்தில், கோபுரப் படிகளில் யோஸ்டின் மரச்செருப்பு ஒவ்வொன்றாக இறங்கி வருகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் அவள் இரண்டு கிண்ணங்களை எடுத்துச் சூப்பை ஊற்றுவாள்.